நாராவில் ஒரு ராத்திரி தங்குங்கள்

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் டோக்கியோவுக்கு இத்தனை நாள், கியோட்டோவுக்கு இத்தனை நாள் என்று பிரித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் அரை நாளை நாராவுக்கு ஒதுக்குவார்கள். மானுக்குத் தீனி, பெரிய புத்தருக்கு ஒரு கும்பிடு, உடனே அடுத்த ரயில். கியோட்டோ தலைநகரானது 794இல்தான். நாரா 710லேயே தலைநகரான ஊர். அதற்கு அரை நாள் போதவே போதாது.

கியோட்டோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கின்டெட்சு நாரா நிலையத்தில் இறங்கினால் பூங்கா நடக்கிற தூரம்தான். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் இஷ்டம்போல் திரிகின்றன. கசுகா ஆலயத்துத் தெய்வம் வெள்ளை மான்மீது ஏறி இங்கு வந்ததாக ஐதீகம். அதனால் மான் தெய்வத்தின் தூதர். அவற்றுக்கென்றே தவிடு கலந்து சுட்ட வட்ட ரொட்டி விற்கிறார்கள். ரொட்டியைப் பார்த்ததும் மான் தலையைத் தாழ்த்தி வணக்கம் வைக்கும். உடனே கொடுத்துவிடுங்கள். போக்குக் காட்டினால் மரியாதை போய், சட்டை நுனியைக் கடித்து இழுக்க ஆரம்பித்துவிடும்.

பூங்கா வழியாகவே தோடாய்ஜி கோயிலுக்குப் போகலாம். தெற்கு வாசலின் இருபுறமும் எட்டு மீட்டருக்கு மேல் உயரமான மரத் துவாரபாலகர்கள் நிற்கிறார்கள். உன்கெய், கைகெய் என்ற சிற்பிகள் தங்கள் குழுவினரோடு 1203இல் செய்தவை. மரத்துண்டுகளைத் தனித்தனியே செதுக்கி இணைத்ததால், இரண்டையும் சுமார் எழுபதே நாளில் முடித்தார்களாம். கழுத்து நரம்பு புடைத்திருப்பதை நின்று பாருங்கள்.

உள்ளே, ஏறத்தாழ 15 மீட்டர் உயர வெண்கல புத்தர். ஷோமு மன்னர் எடுப்பித்தது. நம் ஸ்தபதிகள் சிலைக்குக் கண் திறப்பார்கள் அல்லவா, அதேபோல 752இல் இவருக்கும் கண் திறப்பு நடந்தது. தூரிகையைப் பிடித்துக் கண்ணை எழுதியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736இல் கடல் கடந்து ஜப்பான் போனவர். தூரிகையில் நீளமான கயிறுகள் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பற்றிக்கொண்டார்கள். கண் எழுதிய புண்ணியத்தில் அவர்களுக்கும் பங்கு. 1180இல் போர்த் தீயில் கோயில் எரிந்தது. சிலையைச் சீராக்கி 1185இல் மறுபடி கண் திறந்தபோது, அதே பழைய தூரிகையைக் கருவூலத்திலிருந்து எடுத்து வந்தார்கள். 1567இல் இன்னொரு தீ. இன்று நாம் பார்க்கும் தலை 17ஆம் நூற்றாண்டில் வார்த்தது, மண்டபம் 1709இல் முடிந்தது. முதல் வேலைப்பாடு வேண்டுமென்றால் முகத்தை விட்டுவிட்டு, பீடத்துத் தாமரை இதழ்களைப் பாருங்கள். அவற்றில் கீறிய புத்தர்களும் உலகங்களும் எட்டாம் நூற்றாண்டு வேலை.

சாயங்காலம் பகல்நேரக் கூட்டம் ரயிலேறிவிடும். தங்குகிறவருக்கு அதுதான் லாபம். கோயிலுக்குக் கிழக்கே மேட்டில் நிகாட்சுதோ மண்டபம் இருக்கிறது; ராத்திரியிலும் ஏறலாம், கட்டணம் கிடையாது. மாடத்தில் நின்றால் பெரிய மண்டபத்தின் கூரையும் அதற்கு அப்பால் ஊர் விளக்குகளும் தெரியும்.

மார்ச் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் போனால் இந்த மாடத்தில் துறவிகளின் உதவியாளர்கள் எரியும் தீப்பந்தங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். 752இல் தொடங்கிய நோன்பு. ஒரு வருஷம்கூட நின்றதில்லை என்கிறார்கள். கீழே நிற்பவர்கள் மேல் தீப்பொறி கொட்டும், விலை உயர்ந்த கம்பளிச் சட்டை வேண்டாம். 12ஆம் தேதி பந்தங்கள் பெரியவை, கூட்டமும் தாங்காது. குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த ஒரு நாளைத் தவிர்த்துவிடுங்கள்.