நாய்க்குட்டியை அடியின்றிப் பழக்குதல்



தோட்டத்து லயங்களில் நாய் வளர்ப்பது நமக்குப் புதிதன்று. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகிறவருக்குத் துணையாக முன்னே ஓடுவதும், காட்டுப்பன்றி மரவள்ளிக் கொல்லையில் இறங்காமல் குரைத்து விரட்டுவதும் அதுதான். செபராங் பிறைத் தோட்டங்களை விட்டுப் பட்டர்வொர்த்திலும் ஜார்ஜ் டவுனிலும் குடியேறிய குடும்பங்களில் பலர் இன்னும் நாய் வளர்க்கிறோம். ஆனால் தோட்டத்தில் அவிழ்த்துவிட்டு வளர்த்ததைப்போல, நெருக்கமான வீட்டு வரிசையில் வளர்க்க முடியாது.

பக்கத்து வீட்டில் மலாய்க்காரர் குடும்பம் இருக்கலாம். நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்கள் பின்பற்றும் மார்க்க நெறி. நம் குட்டி ஆசையோடு தாவி நக்கினாலும் அவர்களுக்கு அது சங்கடமே. மோட்டார் சைக்கிளைத் துரத்தினாலோ உயிருக்கே ஆபத்து. புகார் எழுந்தால் முதலில் துன்பப்படுவது நாய்தான். 2015-இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியபோது, தெருநாய்களைக் கொல்வதெனப் பினாங்கு அரசு முடிவெடுத்தது. அதைப் பலர் எதிர்த்தனர். தெருவில் அலையும் நாயின் நிலை என்ன என்பதை அன்று எல்லாரும் கண்டோம். ஆகவே தடுப்பூசியும், உரிமமும், பூட்டிய வாசற்கதவும் எவ்வளவு அவசியமோ, நல்ல பழக்கமும் அவ்வளவு அவசியம்.

பழக்குவது என்றதும் பலருக்குப் பிரம்புதான் நினைவுக்கு வரும். அடியாத மாடு படியாது என்பார்கள். ஆனால் நடப்பது என்ன? குட்டி காலை ஆறு மணிக்குக் கூடத்தில் சிறுநீர் கழிக்கிறது. நாம் ஆறரைக்குப் பார்த்து அடிக்கிறோம். எதற்காக அடி விழுந்தது என்று அதற்கு விளங்குவதில்லை. நம் கையைக் கண்டு அஞ்சவும், ஒளிந்து கழிக்கவும்தான் அது கற்றுக்கொள்கிறது.

பரிசுக்கும் இதே விதிதான். குட்டி உட்காருகிறது. நாம் அடுக்களைக்குப் போய்த் தின்பண்டம் கொண்டு வருவதற்குள் அது எழுந்து நம்மேல் தாவுகிறது. அப்போது கொடுத்தால், தாவினால் தீனி கிடைக்கும் என்றே அது எண்ணிக்கொள்ளும். சரியான செயலுக்கும் பரிசுக்கும் இடையே உள்ள அந்தச் சில நொடிகளை இணைக்க ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம்தான் 'கிளிக்' என்னும் சிறு ஓசை.

அமெரிக்க உளவியல் அறிஞர் பி. எஃப். ஸ்கின்னர், விலங்குகளுக்குக் கற்பிப்பது பற்றி 1951-இல் எழுதிய கட்டுரையில், சிறுவர்கள் அழுத்தி ஒலியெழுப்பும் விளையாட்டுப் பொருளையே இதற்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். பின்னர் ஹவாயில் கேரன் பிரையர் என்ற அம்மையார் ஊதல் ஒலியும் மீனும் கொண்டு டால்பின்களைப் பழக்கினார். நீரில் நீந்தும் டால்பினைக் கயிற்றில் கட்டி இழுக்கவும் முடியாது. அடித்தால் அது விலகிப் போய்விடும். அதற்கே பலித்த முறை, நம் குட்டிக்குப் பலிக்காதா?

இதற்கென 'கிளிக்கர்' என்ற சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் அழுத்தினால் ஓசை தரும் பேனா போதும். உப்பில்லாமல் அவித்த கோழி இறைச்சியைக் கடலைப் பருப்பளவு துண்டுகளாக்கி வைத்துக்கொள்ளுங்கள். சமைத்த எலும்பு, வெங்காயம், சாக்லேட் மூன்றும் ஆகாது.

முதலாவதாக, கிளிக் என்று ஒலித்து உடனே ஒரு துண்டு கொடுங்கள். பதினைந்து, இருபது முறை இப்படிச் செய்தால், ஓசை கேட்டதுமே குட்டி தீனிக்காக உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

இரண்டாவதாக, துண்டை அதன் மூக்கருகே பிடித்து மெல்லத் தலைக்குமேல் பின்னோக்கிக் கொண்டுபோங்கள். தலை நிமிர, இடுப்பு தானே தாழும். தரையில் படும் அந்தக் கணத்தில் கிளிக், பிறகு தீனி. தவறாமல் செய்யத் தொடங்கிய பின்பு 'உட்கார்' என்ற சொல்லைச் சேருங்கள்.

மூன்றாவதாக, தாவும்போது கத்தாதீர்கள், தள்ளாதீர்கள். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நான்கு காலும் தரையில் நின்றதும் கிளிக், தீனி. வீட்டில் ஒருவர் தாவ விட்டுக் கொஞ்சினால் மற்றவர் பாடுபட்டது வீணாகும். ஆகவே தாத்தா முதல் சின்னப்பிள்ளை வரை எல்லாரும் ஒரே விதமாக நடக்க வேண்டும்.

நான்காவதாக, உறங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும் குட்டியை வெளியே கொண்டுபோங்கள். சிறுநீர் கழித்து முடித்ததும் கிளிக், தீனி.

ஒவ்வொரு முறையும் மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். நாளைக்கு இரண்டு மூன்று வேளை செய்யலாம். ஓசை கேட்டால் தீனி கிடைத்தே ஆக வேண்டும். அந்த வாக்கை மீறாதீர்கள். கிளிக்கரைக் குட்டியைக் கூப்பிடும் மணியாக்காதீர்கள். கூப்பிட்டு வந்த குட்டியை ஒருபோதும் திட்டாதீர்கள். திட்டினால் மறுமுறை வராது. பழக்கம் நிலைத்தபின் கருவி தேவையில்லை. ஒரு சொல்லும் எப்போதாவது ஒரு துண்டும் போதும்.

வாசலில் அமர்ந்து அமைதியாக விருந்தாளியைப் பார்க்கும் நாயைக் கண்டு அக்கம்பக்கத்தார் அஞ்சமாட்டார்கள். அந்த நாய்க்கும் வீட்டில் இடம் நிலைக்கும். நமக்கும் அண்டை வீட்டு உறவு நிலைக்கும். இன்று மாலையே ஐந்து நிமிடம் ஒதுக்கித் தொடங்குங்கள்.