தர்ப்பூசணி வண்டியும் வெறும் புட்டியும்

ஹெர்பி ஹான்காக் என்னும் அமெரிக்கப் பியானோ வித்வான் 1973-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஒலிப்பதிவு செய்த ‘ஹெட் ஹண்டர்ஸ்’ என்ற இசைத்தட்டை, நெடுங்காலம் மறந்திருந்து, அண்மையில் மறுபடியும் கேட்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. ஜாஸ் சங்கீதத்தின் மனோதர்மத்தையும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் நடன சங்கீதமாகிய ஃபங்க்கின் விடாப்பிடியான தாளக்கட்டையும் ஒன்றாக இழைத்த அத்தட்டு லட்சக்கணக்கில் விற்றபோது, ஜாஸின் கௌரவம் போயிற்றென்று வருந்திய விமரிசகர்களும் உண்டு. அவர்கள் வருத்தம் வீண் என்பதற்கு முதற்பக்கத்தின் இரண்டாம் உருப்படியான ‘வாட்டர்மெலன் மேன்’ ஒன்றே போதிய சாட்சி.

சிகாகோ நகரின் கல் பாவிய சந்துகளில் தர்ப்பூசணி வண்டி உருண்டுவந்த சப்தத்தைப் பால்யத்தில் கேட்டிருந்த ஹான்காக், அந்த ஞாபகத்தைக் கொண்டு 1962-இல் இயற்றிய மெட்டு இது. பதினோரு வருஷங்களுக்குப் பின் அதே மெட்டைப் புதுப்பிக்கையில், முதலில் ஒலிப்பது பியானோவன்று, வெறும் பீர் புட்டி! ஒற்றைச் சுரமே தரும் குழலை ஊதுவதும் குரலெழுப்புவதுமாக மாறிமாறிச் செய்து, மத்திய ஆப்பிரிக்காவின் வனவாசிகள் ஒரு முழுப் பின்னலையே உண்டாக்குவார்கள். தாளவாத்தியக்காரர் பில் சம்மர்ஸ் அந்த முறையைப் புட்டியில் செய்து காட்டுகிறார். அதன்மேல் பால் ஜாக்சனின் பேஸ் கிதாரும், ஹார்வி மேசனின் டிரம்ஸும், பென்னி மாப்பினின் சாக்ஸபோனும் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. கிதார் வாசிப்பவர் தனியே இல்லை. கட்டைகளுக்கடியில் தந்திகளைக் கொண்ட கிளாவினெட்டை வைத்துக்கொண்டு அந்த வேலையையும் ஹான்காக்கே செய்துவிடுகிறார்.

பழைய தட்டுகளைப் பேணுவதே என் தொழிலாகையால், இங்கே ஒரு விஷயம் சொல்ல அனுமதியுங்கள். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகம் மாறுவதில்லையாயினும், ஒரு சுற்றில் முள் கடக்கும் தூரம் மையத்தை நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே வருவதால், உயர்ந்த நுண்ணொலிகள் உட்பள்ளங்களில் மிக நெருக்கமாக அமைந்துவிடுகின்றன. பதினைந்து நிமிஷத்துக்கு மேல் நீளும் ‘கமீலியன்’ என்ற முதல் உருப்படி வெளிப்புறத்தை எடுத்துக்கொள்ள, நம் புட்டிக்குக் கிடைத்தது அந்த உட்பகுதிதான். எங்கள் அலமாரித் தட்டில் அது வெறும் இரைச்சலாகவே கேட்டது. வடித்த நீரால் மெல்லக் கழுவி, நிழலில் உலர்த்தி, தேய்ந்த முள்ளையும் மாற்றிய பிறகு, ஊதுகிறவரின் மூச்சு வேறு, குரல் வேறு என்று தெளிவாகப் பிரிந்து கேட்டபோது, அருகிலிருந்த இளைஞர் ஒருவர் இது என்ன வாத்தியம் என்று வினவினார். புட்டியென்றதும் அவர் மீண்டும் போடச் சொன்னார்.

மறுபக்கத்தில் ஸ்லை ஸ்டோன் என்ற ஃபங்க் கலைஞரைப் போற்றும் ‘ஸ்லை’யும், நிதானமாய் நகரும் ‘வெய்ன் மெல்ட்டர்’ என்பதும் உண்டு. அவற்றை விஸ்தரிக்க நேரம் போதாது. உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ இத்தட்டு இருக்குமாயின், முள்ளைச் சுத்தம் செய்துகொண்டு, முதற்பக்கத்தை ஆரம்பமுதல் இடையே நிறுத்தாமல் கேட்பீர்களென்று நம்புகிறேன்.