ஒரே பஞ்சு, இரண்டு ஆலைகள்



சந்தையை அதன் போக்கில் விட்டால் தொழில் தானே வளரும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்புகிறவர்களை நான் இரண்டு ஊர்களுக்கு அழைக்கிறேன்.

ஒன்று பம்பாய். காவஸ்ஜி தாவர் 1854-இல் அங்கே பஞ்சாலை தொடங்கினார். இயந்திரம் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரத்து பிளாட் பிரதர்ஸ் செய்தது. மற்றொன்று ஜப்பானின் ஒசாகா. ஷிபுசாவா எய்ச்சி முன்னின்று நிறுவிய நூற்பாலை 1883-இல் ஓடத் தொடங்கியது. 10,500 கதிர்கள். இயந்திரம்? அதே பிளாட் பிரதர்ஸ்! பின்னாளில் அங்கே நூற்ற பஞ்சிலும் பெரும்பங்கு நம்முடையதுதான்; 1893-இல் பம்பாயிலிருந்து நேரடிக் கப்பலே விட்டார்கள். முந்திக்கொண்டவர்கள் நாம். பிந்தியது ஏன்?

அவர்கள் சுங்கச்சுவர் எழுப்பினார்கள் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். மேல்நாட்டு ஒப்பந்தங்கள் ஜப்பானின் கையையும் கட்டியிருந்தன. இறக்குமதி வரி சுமார் 5 சதவீதத்தைத் தாண்ட முடியாத காலம் அது. ஆனால் ஏற்றுமதி நூலுக்கு இருந்த வரியை 1894-இல் நீக்கினார்கள். இறக்குமதிப் பஞ்சின் வரியை 1896-இல் நீக்கினார்கள். அதே 1896-இல் இங்கே என்ன நடந்தது தெரியுமா? இந்திய ஆலைத் துணிமீது மூன்றரை சதவீத உற்பத்தி வரி! இங்கிலாந்தின் பஞ்சாலைப் பகுதியான லங்காஷயர் முதலாளிகளின் மனம் குளிர, நம் துணிக்கு நம் நாட்டிலேயே வரி.

இத்தனைக்கும், சோழமண்டலக் கரையிலிருந்து போன அச்சுத்துணியைத் தன் மக்கள் உடுத்தக்கூடாது, உடுத்தினால் அபராதம் என்று 1721-இல் சட்டம் போட்ட நாடு இங்கிலாந்து. சுதந்திர வணிகத்தின் அருமை, தன் ஆலைகள் நிமிர்ந்த பிறகுதான் அதற்குப் புரிந்தது.

ஒசாகாவைக் கொண்டாட நான் இங்கே வரவில்லை. 1886-இல் அந்த ஆலைக்கு மின்விளக்கு வந்தது. இரவு ஷிப்டும் நிலைத்தது. கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. ஜப்பானிய ஆலை விடுதிகளில் பகல் ஷிப்டுக்காரி எழுந்த படுக்கையில் இரவு ஷிப்டுக்காரி வந்து படுத்தாள். பெண்களின் இரவு வேலை நிற்க 1929 வரை ஆயிற்று. வளர்ச்சிக் கணக்கில் இந்தத் தூக்கத்துக்குப் பத்தி கிடையாது.

நம் உற்பத்தி வரியை 1925-இல்தான் நிறுத்தினார்கள். அதற்குள் ஜப்பான் துணி நம் கடைவீதிக்கே வந்துவிட்டது. லங்காஷயருக்கும் அடி. உடனே 1933-இல், பிரிட்டனில் நெய்யாத அயல்நாட்டுப் பருத்தித் துணிக்கு இந்தியாவில் 75 சதவீத வரி போட்டது, அதே வெள்ளை அரசு! பதிலடியாக ஜப்பானிய ஆலைகள் இந்தியப் பஞ்சு வாங்குவதை நிறுத்தின. சண்டை லங்காஷயருக்கும் ஒசாகாவுக்கும். விலை போகாமல் கிடந்தது நம் விவசாயியின் பஞ்சு.