பந்துக்கு முன்னால் வரும் பேச்சு



ஆட்டக்களத்தில் எதிராளியைச் சீண்டிப் பேசுவதும் ஒரு கலைதான் என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் நமக்கு அது புதிதல்ல. சடுகுடுவில் கோட்டைத் தாண்டிப் போகிறவன் மூச்சு விடாமல் பாட வேண்டும். அந்தப் பாட்டில் அவனுடைய வீரமும் இருக்கும், எதிரணிக்கு ஒரு சவாலும் இருக்கும். பாடி முடிப்பதற்குள் நாலு பேர் காலைப் பிடித்து அமுக்கிவிட்டால் பாட்டும் போச்சு, ஆளும் அவுட். சொன்ன சொல்லுக்கு அங்கேயே, அப்போதே கணக்குத் தீர்த்துவிடுவார்கள். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இன்று கிரிக்கெட்டுக்கு வருகிறேன். ஸ்லெட்ஜிங் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் எது தேர்ந்த வித்தை, எது வெறும் வசவு என்று பார்க்கலாம்.

1996 மார்ச் 9, பெங்களூரு சின்னசாமி அரங்கம். உலகக் கோப்பை காலிறுதி. 288 ரன் இலக்கைத் துரத்திய பாகிஸ்தானுக்கு ஆமிர் சோஹைல் அபாரமான தொடக்கம் கொடுத்திருந்தார். வெங்கடேஷ் பிரசாத்தின் பந்தைப் பவுண்டரிக்கு விரட்டிவிட்டு, அடுத்ததும் அங்கேதான் என்பதுபோல் எல்லைக்கோட்டைச் சுட்டிக் காட்டினார். அடுத்த பந்தில் ஸ்டம்ப் பறந்தது. இந்தியா 39 ரன்னில் வென்றது. சவால் விட்ட பிறகு சோஹைலுக்கு நிதானமாக ஆடும் வசதி போய்விட்டது. அந்தப் பந்தை அவர் தடுத்து ஆடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கை நீட்டிக் காட்டிய மனிதருக்கு அதற்கு மனம் வரவில்லை. சீண்டலில் இருக்கிற பெரிய ஆபத்து இதுதான்: எதிராளிக்குப் போட்ட முடிச்சு தன் கையையும் சேர்த்து இறுக்கும்.

இதைவிட நுட்பமான ஒன்று சிட்னியில் நடந்தது. 2021 ஜனவரி 11, இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்டின் கடைசி நாள். ஹனுமா விஹாரிக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டு ஓட முடியவில்லை. அஸ்வினுக்கு முதுகுவலி. தோல்வியைத் தவிர்க்க இருவரும் நின்றே ஆக வேண்டும். 40 ஓவருக்கும் மேல் நின்றார்கள். நடுநடுவே அஸ்வின் விஹாரியிடம் தமிழில் பேசித் தெம்பூட்டியதை ஸ்டம்ப் மைக் வழியாக நாமும் கேட்டோம். ஸ்டம்புக்குப் பின்னால் ஆஸ்திரேலியக் கேப்டன் டிம் பெய்னுக்குப் பொறுமை போயிற்று. அடுத்த டெஸ்ட் நடக்கப்போகும் காபா மைதானத்துக்கு வா, பார்த்துக்கொள்கிறேன் என்ற பொருளில் சீண்டினார். நீ இந்தியாவுக்கு வா, அதுதான் உனக்குக் கடைசித் தொடர் என்று அஸ்வின் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டையும் நான் நல்ல சீண்டல்கள் என்றே சொல்வேன். காபாவில் 1988-க்குப் பிறகு அதுவரை ஆஸ்திரேலியா ஒரு டெஸ்டில்கூடத் தோற்றிருக்கவில்லை. 2004-இல் இந்திய மண்ணில் ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடரை வென்று அப்போது பதினாறு ஆண்டு தாண்டியிருந்தது. இரண்டு பேச்சிலும் ஆட்டத்தைப் பற்றிய உண்மை இருந்தது. யாருடைய வீட்டையும் யாரும் இழுக்கவில்லை. பெய்ன் தவறியது நேரத்தில். இன்றைய ஆட்டம் கையில் இருக்கும்போது எந்தக் கேப்டனும் அடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பேச மாட்டார். அவர் காபா என்றதுமே, இன்று இவர்களால் முடியாது என்று எதிரில் நின்றவருக்குப் புரிந்திருக்கும். அதற்குப் பிறகு பெய்ன் வாய் தடித்து வசையிலும் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் ஸ்டார்க் பந்தில் விஹாரி கொடுத்த கேட்சையும் நழுவவிட்டார். ஆட்டம் டிரா. மறுநாளே பெய்ன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டதை இங்கே சொல்லியாக வேண்டும்; அந்த நேர்மை எல்லோருக்கும் வராது.

காபாவில் அஸ்வினால் ஆட முடியவில்லை. அங்கே அறிமுகமானவர்கள் தமிழகத்தின் வாஷிங்டன் சுந்தரும் நடராஜனும்! முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். சுந்தர் 62 ரன்னும் அடித்தார். 328 ரன் இலக்கை இந்தியா எட்டிப் பிடித்து, காபாவில் ஆஸ்திரேலியாவின் கோட்டையை உடைத்தது.

ஆனால் அதே சிட்னி டெஸ்டின் நான்காம் நாளில் வேறொன்றும் நடந்தது. எல்லைக்கோட்டருகே நின்ற முகமது சிராஜைப் பார்த்து, கூட்டத்திலிருந்து சிலர் வசை பொழிந்தார்கள். அவர் நடுவரிடம் சொல்ல, ஆட்டம் நின்றது. ஆறு பேரை வெளியேற்றினார்கள். இந்திய வீரர்கள் இனவெறி வசைக்கு ஆளானதைக் கிரிக்கெட் ஆஸ்திரேலியாவும் பின்னர் உறுதிசெய்தது. சில வாரம் முன்புதான் தந்தையை இழந்திருந்த பையன் சிராஜ். அந்த வசைக்கும் அஸ்வினும் பெய்னும் பேசிக்கொண்டதற்கும் ஒரே பெயர் வைக்க என்னால் முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு விக்கெட் விழப்போவதில்லை, கேட்ச் நழுவப்போவதில்லை. எதையும் பணயம் வைக்காதவனின் பேச்சு அது. இணைய விளையாட்டுகளில் முகம் தெரியாமல் ஹெட்போனில் வந்து, அம்மாவையும் சாதியையும் இழுப்பவர்களையும் இதே வரிசையில்தான் வைப்பேன்.

களத்துக்குள்ளேயும் எல்லை மீறுகிறார்கள். 2003-இல் ஆன்டிகுவாவில் ஆஸ்திரேலியாவின் கிளென் மெக்ராத், வெஸ்ட் இண்டீஸின் ராம்நரேஷ் சர்வானை ஆபாசமாகச் சீண்டினார். சர்வான் பதிலுக்கு மெக்ராத்தின் மனைவியை இழுத்தார். அந்த அம்மையார் அப்போது புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். சர்வானுக்கு அது தெரியாது. மெக்ராத் கொதித்துப் போனார். வீட்டுப் பேச்சைத் தொடங்கிவைத்தவருக்கு அது எந்த வாசல் வழியாகத் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. சர்வான் அன்று 105 அடித்தார். வெஸ்ட் இண்டீஸ் 418 ரன்னைத் துரத்தி உலக சாதனையோடு வென்றது.

கடைசியாக இங்கிலாந்துக் கேப்டன் டோனி கிரெய்க். 1976-இல் இங்கிலாந்துக்கு வந்த வெஸ்ட் இண்டீஸ் அணியை மண்டியிட்டுத் தவழ வைப்பேன் என்று தொலைக்காட்சியில் சொன்னார். பேசியவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த வெள்ளைக்காரர். அங்கே நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். கேட்டவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். கிரெய்க் அதை ஆட்டப் பேச்சாகத்தான் நினைத்திருப்பார். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்ற சரித்திரம் அவரைவிடப் பெரியது. விவியன் ரிச்சர்ட்ஸ் நான்கே டெஸ்டில் 829 ரன் குவித்தார். ஓவல் டெஸ்டில் மைக்கேல் ஹோல்டிங் 14 விக்கெட் எடுத்தார். இரண்டு இன்னிங்ஸிலும் கிரெய்க்கின் ஸ்டம்பைப் பெயர்த்தார். தொடர் 3-0. அதே ஓவலில் கிரெய்க், வெஸ்ட் இண்டீஸ் ரசிகர்கள் நிறைந்திருந்த பக்கமாகப் போய், அவர்கள் கண்முன்னே தானே மண்டியிட்டுத் தவழ்ந்து காட்டினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் சொன்னதை நான் மன்னிக்கவில்லை. காயப்பட்டவர்களுக்கு எதிரிலேயே போய்க் கணக்குத் தீர்த்தாரே, அதை மதிக்கிறேன்.