மொய் நோட்டில் எழுதாத கணக்கு

(வெள்ளி விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பி வந்திருக்கிறது. அவ்வாறு படித்த பெண் மணமேடைக்குச் செல்லும் நாளில், அவள் கற்ற கல்வி அவளுக்கு எவ்வகையில் துணை நிற்கிறது? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

"வாழ்க்கை ஒப்பந்த விழா" என்று நம் அழைப்பிதழ்களில் அச்சிடுகிறோம். சுயமரியாதை இயக்கம் பரப்பிய அருமையான தொடர் அது. ஒப்பந்தம் என்றால் இருவர் பேசி இசைய வேண்டும். நம் இல்லங்களில் பேசுவோர் யார்? பெரியவர்கள். பேசுவது எது? எத்தனை பவுன், மண்டபச் செலவு எவருடையது என்பவை. மணப்பெண்ணின் கருத்தை எவரும் கேட்பதில்லை.

கேட்கத் துணிந்த பெண்மணி ஒருவர் நம் சென்னையில் வாழ்ந்தார். தேவதாசி மரபில் வந்த தாய்க்கு மகளாகப் பிறந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர். டாக்டர் சுந்தர ரெட்டி அவரை மணக்க விரும்பியபோது, தம்மைச் சரிநிகராக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்று நிபந்தனை விதித்த பின்னரே இசைவு தந்தார். 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1914-இல் அத்திருமணம் நடந்தேறியது. பின்னாளில் அவர் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியதையும், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழ முன்னின்றதையும் நாடறியும். திருமணத்திற்கு முன் அவர் கேட்டு வாங்கிய சொல்லுக்கு இவற்றிலெல்லாம் பங்குண்டு என்பது என் துணிபு.

ஆனால், வாக்களித்தவர் நல்லவராக இருந்ததனால் அது காக்கப்பட்டது. காக்கப்படாவிட்டால்? இதற்கு விடை சொல்ல என் வீட்டுக் கதையையே சொல்ல வேண்டியிருக்கிறது.

1988-இல் என் தமக்கைக்குத் திருமணம். தியாகராய நகர் வீடுகளில் பாத்திரம் துலக்கி என் தாயார் சேர்த்த ஏழு பவுன் நகையை அணிந்து அவள் புகுந்த வீடு சென்றாள். சில ஆண்டுகளில் நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. அடகுச் சீட்டு மாமாவின் பெயரில் இருந்தது. மாமா இறந்தபோது, நகை தங்கள் வீட்டுடையது என்று அவர் வீட்டார் கூறிவிட்டனர். சான்று தேடி வீட்டைப் புரட்டினேன். கிடைத்தது மொய் நோட்டு ஒன்றுதான். அதை எழுதியவன் நான். ஐந்து ரூபாய் தந்தவர், பதினொரு ரூபாய் தந்தவர், எவர்சில்வர் குடம் தந்தவர் என எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. என் தாயார் தந்த ஏழு பவுனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இரண்டு குழந்தைகளுடன் வெறுங்கழுத்தோடு அவள் தாய்வீடு திரும்பினாள்.

அந்த வரியை எழுதச் சட்டமே வழி செய்திருந்தது என்பதை நான் பின்னரே அறிந்தேன். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின்கீழ் 1985-இல் விதிகள் வந்தன. மணமகளுக்கு வந்த அன்பளிப்புகளின் பட்டியலை அவளே வைத்திருக்க வேண்டும். பொருள், ஏறத்தாழ மதிப்பு, தந்தவர் பெயர், உறவுமுறை ஆகியவற்றை எழுதி மணமக்கள் இருவரும் கையொப்பமிட வேண்டும். இந்துவாயினும் கிறிஸ்தவராயினும் பௌத்தராயினும் விதி ஒன்றே. பெண்ணின் சீதனம் அவளுக்கே உரியது, கணவர் வீட்டார் கையில் இருந்தாலும் அது அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளே என்று அதே 1985-இல் உச்ச நீதிமன்றமும் பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கே எச்சரிக்கை தேவை. மேலை நாடுகள் சிலவற்றில் திருமணத்திற்கு முந்தைய ஒப்பந்தத்திற்கு உள்ள வலிமை நம் நாட்டில் இல்லை. மணமகன் மாமியார் இல்லத்திலேயே தங்குவதாக எழுதித் தந்த ஓர் ஒப்பந்தம் செல்லாது என்று 1901-லேயே கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. பொதுக்கொள்கைக்கு மாறானது என்று நீதிமன்றம் கருதும் ஒப்பந்தம் நிற்காது. ஆகவே ஒரு முத்திரைத்தாளை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். அதுபோலவே, "ஜீவனாம்சம் கேட்கமாட்டேன்" என்று எவர் எழுதி நீட்டினாலும் கையொப்பமிடாதீர்கள்.

எனவே பேச வேண்டியவை சில, எழுத வேண்டியவை சில எனப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நிச்சயத்திற்கு முன் பேச வேண்டியவை: படிப்பும் வேலையும் தொடருமா? சம்பளம் எவர் கணக்கில் சேரும்? முதிய பெற்றோருக்கு மாதந்தோறும் நான் பணம் தரத் தடையுண்டா? மணமகனுக்குக் கடன் எவ்வளவு? இவற்றைப் பெண்ணே நேரில் கேட்க வேண்டும். கேட்டதற்காக ஒரு சம்பந்தம் முறியுமானால், அது முறிந்ததே நன்று.

எழுத்தில் இருக்க வேண்டியவை: முதலாவது, நான் சொன்ன பட்டியல். நகைக்கடைச் சீட்டுகள் பெண்ணின் பெயரில் இருக்கட்டும். பட்டியலின் ஒரு படி தாய்வீட்டில் இருக்கட்டும். இரண்டாவது, அவள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு. மூன்றாவது, வீடு. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமெனப் பெயர் மாறிய அமைப்பின் குடியிருப்புகளில் நம்மவர் பலர் வாழ்கிறோம். ஒதுக்கீட்டு ஆணையில் எவர் பெயர் உள்ளது என்று பாருங்கள். பெற்றோர் மகளுக்குச் சொத்துத் தருவதாயின் வாய்ச்சொல்லாக விடாமல் பதிவு செய்து தாருங்கள். நான்காவது, திருமணப் பதிவு. 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி அது கட்டாயம். 90 நாள்களுக்குள் பதிந்துவிடுங்கள்.

"நம்பிக்கையில்லாமல் ஒரு குடும்பமா?" என்று பெரியவர்கள் வருந்தலாம். ஐயா, பதினொரு ரூபாய் மொய்யை எழுதி வைக்கிறோமே, அது உறவினர்மீது நம்பிக்கையில்லாமலா? திருப்பிச் செய்ய மறக்கலாகாது என்பதற்காகத்தானே!

மனைவி கணவனுக்குத் தோழியாக, சமமானவளாக நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் 1942-இல் நாகபுரி மகளிர் மாநாட்டில் அறிவுறுத்தினார். பெண்களுக்குச் சொத்துரிமை நாடிய இந்து சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாமற் போனது, 1951-இல் அவர் அமைச்சர் பதவியைத் துறந்ததற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. அவர் பதவியையே விடுத்த ஒன்றுக்காக நாம் ஒரு தாளும் பேனாவும் எடுக்கத் தயங்கலாமா?

இளைஞர்களே! நாளை உங்கள் அக்கா தங்கை திருமணத்தில் மொய் எழுத உங்களைத்தான் அமர்த்துவார்கள். அதே மேசையில் இன்னொரு நோட்டையும் வையுங்கள். அதன் முதல் வரியில் உங்கள் தாயார் தந்ததை எழுதுங்கள். பதினெட்டு வயதில் நான் எழுதத் தவறிய வரி அது.