ஊருக்குப் போகும் பணம்



புனே நகரின் தென்கிழக்குப் புறத்தே கோந்த்வா என்று ஓர் ஊர் உண்டு. நான் குடியிருப்பது அங்கேதான். முன்பு வயலும் மேட்டு நிலமுமாய்க் கிடந்த இவ்வூர் இன்று மாநகராட்சி எல்லைக்குள் அடங்கி, அடுக்குமாடி வீடுகளால் நிறைந்துவிட்டது. கட்டடம் எழும்பாத தெருவே இல்லை எனலாம். அக்கட்டடங்களில் கம்பி கட்டுவோரும் கலவை சுமப்போரும் பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள்.

கூலி பெறும் நாளன்று மாலையில், பணம் அனுப்பித் தரும் சிறு கடையின் முன் அவர்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். ஒருநாள் நானும் அவ்வரிசையில் நிற்க நேர்ந்தது. எனக்கு முன் நின்ற இளைஞர், தர்பங்கா ஜில்லாவிலுள்ள தம் தாயாருக்கு மாதம் எட்டாயிரம் ரூபாய் அனுப்புவதாகச் சொன்னார். என் தந்தையாரின் நினைவு வந்தது. கட்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவர், மாதத்தின் முதல் வாரத்தில் திருநெல்வேலிக்கு மணியார்டர் அனுப்பாமல் இருந்ததில்லை. பாரத்தின் அடியில் இரண்டு வரிக்குத்தான் இடமிருக்கும். அதில் ஐந்து வரி எழுதுவார். உங்களிற் பலர் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார்.

தர்பங்காவைச் சேர்ந்த பணம் பிறகு எங்கே போகிறது? அரிசிக்கும் மருந்துக்கும் போக மிஞ்சியதை அத்தாயார் வங்கியில் விட்டு வைக்கிறார். வங்கியோ அதைப் பூட்டி வைப்பதில்லை. கடன் கொடுத்தால்தான் அதற்கு வாழ்வு. கடன் கேட்கத் தக்க தொழிலும், ஈடு காட்டத் தக்க சொத்தும் எங்கே மிகுதியோ அங்கே பணம் செல்கிறது. தமிழ்நாட்டில் வைப்புத் தொகையாக நூறு ரூபாய் சேர்ந்தால், அங்கு வழங்கப்படும் கடன் நூற்றையும் தாண்டிவிடுகிறது. பீகாரிலோ அது நெடுங்காலம் ஐம்பதைக்கூட எட்டாமல் இருந்தது. பாட்னாவிலும் தர்பங்காவிலும் திரண்ட சேமிப்பில் ஒரு பகுதி மும்பைக்கும் புனேவுக்கும் சென்னைக்கும் கடனாக வந்திருக்கிறது என்பதே இதன் பொருள். அவ்விளைஞர் கம்பி கட்டும் மாடியே அவர் தாயாரின் சேமிப்பையும் சேர்த்து எழும்புவதாக இருக்கலாம்.

இதை உணராமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1969-இல் 14 வங்கிகள் தேசவுடைமை ஆயின. வங்கி அலுவலருக்குப் பயிற்சி அளிக்கும் தேசிய வங்கி மேலாண்மைக் கழகமும் அதே ஆண்டு ரிசர்வ் வங்கியின் முயற்சியால் தோன்றியது. அதன் வளாகம் இதே கோந்த்வாவில்தான் இருக்கிறது. 1977 முதல் 1990 வரை ஒரு விதி நடைமுறையில் இருந்தது. வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க விரும்புவோர், வங்கியே இல்லாத ஊர்களில் நான்கு கிளைகள் திறக்க வேண்டும். ராபின் பர்கெஸ், ரோகிணி பாண்டே என்னும் இருவர் 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இவ்விதியால் கிராமங்களில் வறுமை குறைந்தது எனக் காட்டிற்று. கொடுத்த கடனில் திரும்பி வராதது மிகுதி என்பதும் உண்மையே. எனினும் கிளை திறந்த ஊரில் கடன் கேட்க ஆள் முளைத்தார் அல்லவா? எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

நம்மவர் கூடிப் பேசும் இடங்களில் ஒரு குறை அடிக்கடி எழுகிறது. 2021 முதல் 2026 வரைக்குரிய 15-ஆவது நிதிக்குழுவின் பங்கீட்டில் பீகாருக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல், தமிழ்நாட்டுக்கு 4.079 மட்டுமே. உழைத்து ஈட்டுவது நாம், உண்பது பிறர் என்கிறார்கள். மக்கட்பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதனாலேயே பங்கு இழப்பது வருத்தத்துக்குரியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கேட்டில் மறு பக்கமும் உண்டு. 1950-களிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை, உருக்குக்கு நாடெங்கும் ஒரே விலை இருக்கும்படி ரயில் கட்டணத்தைச் சமன் செய்தார்கள். ஜம்ஷெட்பூரில் வார்த்த உருக்கு அதன் அருகிலும் புனேயிலும் சென்னையிலும் ஒரே விலைக்குக் கிடைத்தது. சுரங்கம் உள்ள ஊருக்குரிய அனுகூலம் போயிற்று. துறைமுகமும் சந்தையும் உள்ள ஊர்களில் ஆலைகள் பெருகின. பீகாரின் தாழ்வுக்கு அதுவே முழுக் காரணம் என்பது மிகை. அங்குள்ள நிலவுடைமைக்கும் ஆட்சிக்கும் பெரும் பங்கு உண்டு. ஆயினும் 1960-61-இல் நாட்டுச் சராசரியில் ஏறத்தாழ 70 விழுக்காடாக இருந்த பீகாரின் தலைவருமானம் 2023-24-இல் 33 அளவில் நிற்கிறது. தமிழ்நாட்டினது 109-லிருந்து 171 ஆயிற்று. வரிப்பங்கு வடக்கே போவது செய்தித்தாளில் வருகிறது. வைப்புத் தொகை இப்பக்கம் வருவது எதிலும் வருவதில்லை.

உலகின் கணக்கும் ஏறக்குறைய இதுவே. முதல் குறைந்த நாட்டில் முதலுக்கு ஆதாயம் கூடுதலாகக் கிடைக்க வேண்டுமே, பின் ஏன் செல்வ நாட்டுப் பணம் ஏழை நாட்டை நாடிப் பாயவில்லை என்று அமெரிக்கப் பொருளியலறிஞர் ராபர்ட் லூகாஸ் 1990-இல் கேட்டார். பாயவில்லை என்பது மட்டுமன்று. வளரும் நாடுகள் பல, தாம் அரிதிற் சேர்த்த அன்னியச் செலாவணியை அமெரிக்க அரசின் கடன்பத்திரங்களில் குறைந்த வட்டிக்கு இட்டு வைக்கின்றன. தமக்குத் தேவை வரும்போது கூடிய வட்டிக்குக் கடன் வாங்குகின்றன. எதிர்த்திசையில் தவறாமல் செல்வது உழைப்பவர் வீட்டுக்கு அனுப்பும் பணம். உலக வங்கியின் கணக்குப்படி 2023-இல் நடுத்தர, ஏழை நாடுகளுக்கு இவ்வாறு சென்றது ஏறத்தாழ 65,600 கோடி டாலர். அன்னிய முதலீட்டையும் அரசுகளின் உதவித் தொகையையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகவில்லை. அதில் ஏறத்தாழ 12,000 கோடி டாலர் இந்தியாவுக்கு வந்தது. நம் உறவினர் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அனுப்பியதும் இதில் அடங்கும்.

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. தாம் வேலை செய்யும் கட்டடத்தில் ஒரு வீடு என்ன விலை இருக்கும் என்று அவ்விளைஞர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மாதம் எட்டாயிரம் வீதம் எத்தனை ஆண்டு ஆகும் என விரல் விட்டு எண்ணத் தொடங்கியவர், பாதியிலேயே நிறுத்திச் சிரித்தார். அதற்குள் அவர் முறை வந்துவிட்டது.