வாக்கும் பந்தயமும் ஒரே கையில் இருக்கலாமா?

(தேசிய வாக்காளர் நாளையொட்டி, சமூக அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு தேர்தல் முடிவு வெளிவந்த மறுநாள், என் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். தெருவில் அண்ணன்மார்களோடு "யார் ஜெயிப்பார்" என்று பந்தயம் கட்டி, சுற்றுலாவுக்குச் சேர்த்து வைத்திருந்த 300 ரூபாயை இழந்திருந்தான். வழக்கம்போல் அறிவுரை சொன்னேன். அவன் கேட்டான்: "சார், நான் யாரையும் ஏமாத்தலையே. இதுல என்ன தப்பு?"

அன்று எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவின் மாநிலச் சட்டங்களில் அந்தப் பதில் தெளிவாக இருந்தது.

அங்கே சூதாட்டத்தைப் பற்றிய சட்டங்களைப் பெரும்பாலும் மாநிலங்களே இயற்றுகின்றன. டெக்சாஸ் மாநிலத் தண்டனைச் சட்டம், தேர்தல் முடிவின் மீது மட்டுமல்ல, கட்சி வேட்பாளராக யார் தேர்வாவார் என்பதன் மீது பணம் கட்டுவதையும் குற்றம் என்கிறது. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடாவைப் பாருங்கள். சூதாட்ட விடுதிகளுக்கு உலகப் புகழ் பெற்ற மாநிலம் அது. அங்கும் தேர்தல் மீது பந்தயம் கட்டத் தடை உண்டு.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது நியூயார்க் மாநில அரசியலமைப்பு. தேர்தல் முடிவின் மீது பந்தயம் கட்டியவர் அந்தத் தேர்தலில் வாக்களிக்கக் கூடாது என்கிறது அது. வாக்குக்குப் பணம் கொடுப்பவர், வாங்குபவர், பந்தயம் கட்டுபவர் ஆகிய எல்லாரையும் அந்தப் பிரிவு ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்கிறது.

லஞ்சத்தையும் பந்தயத்தையும் ஏன் ஒன்றாக வைத்தார்கள்? ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு வேட்பாளரின் ஆள் வாக்காளரிடம் வருகிறார். "எங்கள் ஆள் தோற்பார் என்று நான் 1000 ரூபாய் கட்டுகிறேன். ஜெயிப்பார் என்று நீங்கள் கட்டுங்கள்" என்கிறார். இனி அந்த வாக்காளர் யாருக்கு வாக்களிப்பார்? வேட்பாளர் வென்றால் 1000 ரூபாய் கைமாறும். பெயர்தான் பந்தயம், நடந்தது வாக்கு வியாபாரம். 1785இல் இங்கிலாந்தில் இரண்டு வாக்காளர்கள் இப்படித் தேர்தல் மீது கட்டிய பந்தயம் நீதிமன்றத்துக்கு வந்தது. அது பொதுநலனுக்கு எதிரானது, செல்லாது என்று தீர்ப்பானது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சட்டம் இருந்தும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940 வரை நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் பகுதியில் அதிபர் தேர்தல் பந்தயம் பெருமளவில் நடந்தது. அறிவியல்முறைக் கருத்துக்கணிப்பு வளராத காலத்தில், செய்தித்தாள்கள் பந்தய விகிதங்களை வெளியிட்டு, யார் முந்துகிறார் என்று எழுதின. பலருடைய கணிப்பு ஒரு விலையாகத் திரள்வதால் அதில் தகவல் உண்டு என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் கூறுகின்றனர். 1988 முதல் அயோவா பல்கலைக்கழகம் சிறு தொகைகளைக் கொண்டு இதை ஆய்வாகவே நடத்தியது.

இந்த வாதத்தின் வழியாகத்தான் இன்றைய சிக்கல் வந்தது. கால்ஷி என்ற நிறுவனம், "நாங்கள் நடத்துவது பந்தயம் அல்ல, ஒப்பந்தச் சந்தை" என்றது. சொன்னது நடந்தால் ஓர் ஒப்பந்தத்துக்கு ஒரு டாலர், நடக்காவிட்டால் ஒன்றுமில்லை. பல மாநிலங்களில் தேர்தல் பந்தயம் சட்டவிரோதம் என்பதையும் காரணம் காட்டி, மத்திய ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் இதைத் தடுத்தது. வழக்கு நடந்தது. 2024 செப்டம்பரில் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்துக்கு அடிப்படையான நிகழ்வு சட்டவிரோதமாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். தேர்தல் சட்டவிரோதம் அல்லவே என்பது அதன் வாதம். அந்த ஆண்டு அதிபர் தேர்தலுக்கு முன்பே வர்த்தகம் தொடங்கிவிட்டது. மாநிலச் சட்டங்கள் ஏட்டில் அப்படியே இருக்க, கைப்பேசியில் பந்தயம் நடக்கிறது.

கூட்டாட்சியைக் கற்பிக்கும் நமக்கு இது அந்நியக் கதை அல்ல. நம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 34ஆவது இனமே பந்தயமும் சூதாட்டமும்தான். தமிழ்நாடு 2022இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. 2025இல் நாடாளுமன்றமும் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி இங்கும் உண்டு.

வகுப்பில் ஒரு செயல்பாடு செய்து பாருங்கள். மாணவர் தலைவர் தேர்தலுக்கு முன், வகுப்பை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்கு, "பள்ளிக்கு யார் நல்லவர்?" என்று கேள்வி. இன்னொரு குழுவுக்கு, "யார் ஜெயிப்பார்? சரியாகச் சொன்னால் ஒரு பேனா". எந்தக் குழு வேட்பாளரின் வாக்குறுதிகளைப் பேசுகிறது, எந்தக் குழு ஆள்பலத்தைப் பேசுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்பு இரண்டாம் குழுவினரிடம், "தோற்பார் என்று நீங்கள் சொன்னவர்தான் நல்லவர் என்றால், அவருக்கு வாக்களிப்பீர்களா?" என்று கேளுங்கள். விவாதம் தானாகத் தொடங்கும்.

அந்த மாணவன் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான். அவனிடம் போய்ச் சொன்னேன்: "தம்பி, கிரிக்கெட்டில் நீ பந்து வீசப் போவதில்லை, பார்வையாளன். தேர்தலில் நாளைக்கு நீதான் ஆட்டக்காரன். ஆட்டக்காரன் தன் ஆட்டத்தின் மீதே பணம் கட்டினால் அதற்கு என்ன பெயர்?"

சிறிது யோசித்துவிட்டு, "மேட்ச் ஃபிக்ஸிங், சார்" என்றான்.